மஞ்சள் ஒட்டாத புள்ளி

"முட்டைக்குள்ள முடி இருந்தா செய்வினைன்னா, நம்மூர்ல பாதி மெஸ்காரங்க மந்திரவாதிங்கதான் சார்," என்றாள் ரம்ஷா.

பாலகோபால் சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியில் இருந்த நந்திதாவும் சிரிக்கவில்லை. அவள் மேஜை மேல் திறந்து வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவில், பஞ்சுக்கு நடுவே முட்டை ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உடைக்கப்பட்டவை. பக்கத்தில் கறுப்பாக, சுருண்டு, நுனியில் முடிச்சுப் போட்ட ஒரு முடி.

பாலகோபால் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடித்துக் கொண்டிருந்தவர். மனைவி இறந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, காந்திபுரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தார். வீட்டுக்குப் போகாமலிருக்க அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது என்பது ரம்ஷாவின் கருத்து. டைப் அடிக்க வந்த ரம்ஷா இப்போது கார் ஓட்டுகிறாள், ஆட்களைப் பின்தொடர்கிறாள். டைப் மட்டும் அடிப்பதில்லை.

"முதல்ல இருந்து சொல்லுங்க அம்மணி," என்றார் பாலகோபால்.

"அப்பா பேரு சென்னிமலைங்க. தொண்டாமுத்தூர் பக்கம் தோப்பு. மோட்டார் கம்பெனி வெச்சிருந்தாரு, அம்மா தவறினதும் வித்துட்டாரு. இப்பத் தனியா இருக்காரு. நான் பெங்களூர்ல. போன வருசம் திடீர்னு ஜோசியப் பைத்தியம் பிடிச்சுது. முதல்ல கிளி ஜோசியக்காரரைத் தோப்புக்கே வரச் சொன்னாரு. அப்புறம் சோழி போடறவரு. அப்புறம் வெத்தலையில மை போட்டுப் பாக்கறவரு."

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"நல்ல காலம், தீர்க்காயுசு, அப்படித்தான். கடைசியா போத்தனூர்ல இருந்து கனகம்னு ஒரு அம்மா. முட்டையைத் தலையைச் சுத்தித் தண்ணியில உடைச்சுக் குறி சொல்றவங்க. அவங்க கையில உடைஞ்ச முட்டையிலதான் இந்த முடி வந்துது. ஒரு தடவை இல்லீங்க. திரும்பத் திரும்ப."

"முட்டை யாரோடது?"

"எங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கறதுங்க. அதனாலதான் அப்பா நம்பறாரு. பையில வேற முட்டை வெச்சிருந்து மாத்தறாங்கன்னு கவின் சொல்றாரு. கவின் எங்க வீட்டுக்காரரு. இன்னிக்குச் சாயங்காலம் பெங்களூர்ல இருந்து வந்து அந்தம்மா மேல போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கப் போறாரு. அப்பாவை ஒரு சீனியர் லிவிங் ஹோம்ல சேத்தறதுக்கும் பேசி முடிச்சுட்டாரு. இப்படி ஏமாறுறவரைத் தனியா விட முடியாதுன்னு..." அவள் குரல் தேய்ந்தது. "கம்ப்ளைன்ட்டுக்கு முன்னாடி உண்மை தெரியணுங்க எனக்கு."

பாலகோபால் அந்த முடியை எடுத்து, பேனாக் கத்தியால் மெல்லச் சுரண்டினார். கறுப்பு உதிர்ந்து, உள்ளே செம்பு மின்னியது.

"முடி இல்ல. காயில் கம்பி. எரிஞ்சு போன மோட்டார்ல இருந்து உருவினது. அதான் கறுத்திருக்கு."

நந்திதாவின் முகம் இறுகியது. "கனகத்தோட பையன் அருள்குமார் மோட்டார் காயில் கட்டற பட்டறையிலதாங்க வேலை செய்யறான். கவின் விசாரிச்சாரு."

"போச்சு," என்றாள் ரம்ஷா. "கேஸ் முடிஞ்சுது. டீ குடிக்கக்கூட நேரம் குடுக்கல."

பாலகோபால் ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு துண்டில் நின்றார். ஓடு முழுக்க மஞ்சள் படிந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், மிளகைவிடச் சின்னதாக, வெள்ளைப் புள்ளி.

"இங்க மஞ்சள் ஒட்டல. ஓட்டை போட்டு, கம்பியை உள்ள விட்டு, அடைச்சு, மேல ஏதோ வழவழன்னு பூசியிருக்காங்க. மத்த இடத்துல ஓடு மஞ்சளைக் குடிச்சிருக்கு, இங்க குடிக்கல. மஞ்சள் எப்பப் பூசுவாங்க?"

"உக்காந்த இடத்துலயே, அப்பா கையாலயே பூச வெப்பாங்க."

"அப்ப மஞ்சள் பூசறதுக்கு முன்னாடியே முட்டையில கம்பி இருந்திருக்கு. சரி, நீங்க தோப்புக்குப் போங்க. நாங்க போத்தனூர் போயிட்டு வாரோம்."

*

போத்தனூர் ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் ஒரு கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருந்தார். வழி கேட்பதற்காக நிறுத்தியவர்கள், வழி சொன்னதற்காக ஒரு சீட்டு எடுக்க வேண்டியதாயிற்று. கிளி பாலகோபாலுக்கு ஒரு சீட்டை உருவியது, யோசித்தது, கீழே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தது.

"முதல் சீட்டைப் படிச்சதுமே அதுக்கு மனசு கேக்கல சார்," என்றாள் ரம்ஷா.

கனகத்தின் வீடு ரயில்வே காலனிக்குப் பின்னால் ஓட்டு வீட்டு வரிசையில் கடைசி. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். நெற்றி நிறையத் திருநீறு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

வழியிலேயே கதை தயாராகியிருந்தது. ரம்ஷா பணக்கார வீட்டு மருமகள். பாலகோபால் அவளுடைய சித்தப்பா.

"ஏனுங்க்கா, ராத்திரியானா நெஞ்சு படபடங்குது. மாமியார் ஏதோ வெச்சுட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன செலவானாலும் பரவால்லீங்க, எடுத்து விட்டுருங்க."

"முட்டை கொண்டாந்தியா கண்ணு?"

ரம்ஷா வழியில் வாங்கிய முட்டையை நீட்டினாள். கனகம் அதை வாங்கியபோது பாலகோபால் அவள் கைகளைப் பார்த்தார். இரண்டும் நடுங்கின. ஒற்றைக் கையில் பிடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே முட்டையைப் பொத்திப் பிடித்தாள்.

"மஞ்சளை நீயே பூசு கண்ணு. எனக்குக் கை நிக்காது."

ரம்ஷா பூசினாள். கனகம் முட்டையை அவள் தலையைச் சுற்றி, தோளில் இறக்கி, முதுகில் தடவி, கடைசியில் இடது கையை அவள் உச்சந்தலையில் வைத்தபடி கண்ணை மூடி முணுமுணுத்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரம்ஷாவின் முகத்தில் இருந்த நடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, அவள் நிஜமாகவே அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பாலகோபால் கவனித்தார்.

கிண்ணத்துத் தண்ணீரில் முட்டை உடைந்தது. மஞ்சள் கரு முழுசாக, பளிச்சென்று மிதந்தது.

"சுத்தமா இருக்குது. உனக்கு ஒண்ணுமில்ல. யாரோ சொல்லிப் பயந்திருக்கே, அவ்வளவுதான். நேரத்துல சாப்பிடு, நல்லாத் தூங்கு. திருப்பி வரவேண்டாம்."

"பெரிசா பரிகாரம் ஏதாச்சும்..."

"இல்லாத நோவுக்கு என்ன மருந்து கண்ணு?" கனகம் எழுந்து கிண்ணத்தைக் கொல்லையில் கொட்டப் போனாள். போகிற போக்கில் பாலகோபாலிடம் நின்றாள். "உங்க ஊட்ல பேச ஆளில்லீங்களா?"

பாலகோபால் நிமிர்ந்தார். "அதையும் முட்டை சொல்லுச்சுங்களா?"

"முட்டை எதுக்குங்க? வெள்ளைச் சட்டையில நீல நூல்ல பட்டன் தெச்சிருக்கீங்க."

ரம்ஷா சித்தப்பா உறவை மறந்துவிட்டாள். "சார், இவங்களை நம்ம ஆபீஸ்ல சேத்துட்டு நீங்க ரிட்டயர் ஆயிருங்க."

கனகம் திரும்பிப் பார்த்தாள். இனி நடிப்பதில் அர்த்தமில்லை. பாலகோபால் தன் கார்டை எடுத்துக் கொடுத்து, சென்னிமலை என்ற பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் கனகம் கொல்லைக்குப் போகாமல் நின்றாள். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருசத்துல எத்தனையோ முட்டை உடைச்சிருப்பனுங்க. கரு கலங்கியிருக்கும், நுரை கட்டியிருக்கும், ரத்தப் பொட்டு இருக்கும். முடிச்சுப் போட்ட முடியை அவரூட்ல தவிர வேற எங்கயும் நான் பாத்ததில்லீங்க. நான் அம்மன் பேரைச் சொல்லி எடுக்கறேன், மறுவாரம் திரும்பி வருது. யாரு அப்படி அவரை அழிக்கப் பாக்கறாங்கன்னே தெரியலீங்க. கோயில்ல போயி பூக் கேட்டேன். வெள்ளைப் பூ கேட்டா செவப்புத்தான் விழுகுது. வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்குப் பயமா இருக்குதுங்க. எம்பையன் போகாதேங்கறான்."

"பயமா இருந்தா ஏன் போறீங்க?"

"நான் போகலைன்னா அவருக்கு யாருங்க இருக்காங்க?" என்றாள் கனகம்.

*

கார் பேரூரைத் தாண்டியது. ரம்ஷா சொன்னாள்.

"சார், அந்தக் கையால ஊசியில நூல் கோக்க முடியாது. முட்டையில ஓட்டை போடறதாவது. பையில இருந்து முட்டை மாத்தினா, வாசல் வரைக்கும் கொழகொழன்னு ஒழுகியிருக்கும்."

"பையன் செஞ்சு குடுத்திருக்கலாம்."

"குடுத்தாலும் மாத்தறது இவங்க கைதானே? அதுவும் போக, நான் அவ்வளவு கெஞ்சினேன். திருடியா இருந்தா என் மாமியாரை ஒரு பேயா ஆக்கி, இன்னும் ஆறு மாசத்துக்கு வரச் சொல்லியிருக்க மாட்டாங்களா? திருப்பி வரவேண்டாங்கறாங்க. எனக்கே ஏமாத்தமா இருந்துது."

"இருந்துச்சா?"

"ஆமாங்க சார்," என்றாள் ரம்ஷா, ரோட்டைப் பார்த்தபடி. "தலையில அப்படிக் கை வெச்சு யாரு உக்காந்திருக்காங்க சொல்லுங்க? எங்கம்மா வெப்பாங்க, காய்ச்சல் வந்தா."

மலை நெருங்க நெருங்க ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னையும் வாழையுமாக மாறியது. பாலகோபால் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"நந்திதா சொன்னதுல ஒண்ணு இடிக்குது ரம்ஷா. கிளிக்காரரு, சோழிக்காரரு, மை போடறவரு எல்லாம் அவருக்கு நல்லதுதான் சொன்னாங்க. ஒருத்தரும் மறுபடி வரல. கெட்டது சொன்ன ஒருத்தங்க மட்டும் வாரா வாரம் வர்றாங்க."

"நோய் இருந்தாத்தானே சார் டாக்டர் வருவாரு."

பாலகோபால் அவளைத் திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் வேகமாப் போ அம்மணி."

*

தோப்புக்குள் வீடு பெரியது. கீழும் மேலும் அறைகள், பாதிக்கு மேல் பூட்டியிருந்தன. முன்னறைச் சோபாக்களில் உறை போட்டிருந்தது. ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் உறை இல்லை. அதில் உட்கார்ந்திருந்த சென்னிமலை எழுந்து கும்பிட்டார். உயரமான மனிதர். சுத்தமாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை.

"வாங்க, வாங்க. உக்காருங்க. காபி சாப்பிடறீங்ளா? மோர் இருக்குது. எளநி வெட்டச் சொல்லட்டுங்ளா?" மூச்சு விடாமல் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எதைச் செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"காட்டுக்குப் பக்கத்துல தனியா இருக்கீங்க. பயமில்லீங்களா?" என்றார் பாலகோபால்.

"யானை வருமுங்க. வாழைக்கு வரும். அது வந்தாத்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரரு போன் பண்ணுவாரு. 'ஏனுங்க, வெளிய வராதீங்க'ம்பாரு. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருப்போம்." அவர் சிரித்தார். "இந்த வருசம் மழை நல்லா இருக்குதுங்க. யானை கீழ எறங்கவே இல்ல."

அவர் மோர் கொண்டுவரச் சமையலறைக்குள் போனார். பாலகோபால் நந்திதாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"கனகம்மா கடைசியா எப்ப வந்தாங்க?"

"போன வெள்ளிக்கிழமை. இன்னிக்கு வருவாங்க."

"ஃப்ரிட்ஜ்ல இருக்கற முட்டை எப்ப வாங்கினது?"

"நேத்து நான் வரும்போது வழியில வாங்கிட்டு வந்ததுங்க. பழசெல்லாம் தீர்ந்து போச்சுன்னு அப்பா சொன்னாரு."

"அதை அப்படியே எடுத்துட்டு வாங்க. ஒரு கிண்ணத்துல தண்ணி. மஞ்சள் தூளும்."

சென்னிமலை மோர் டம்ளர்களோடு திரும்பியபோது, சாப்பாட்டு மேஜையில் ரம்ஷா முட்டைகளுக்கு ஒவ்வொன்றாக மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பாக்க வர்ற மாதிரி இருக்குது சார்," என்றாள். "எல்லாத்துக்கும் மஞ்சள் பூசி வரிசையா உக்கார வெச்சாச்சு."

அடுத்த முட்டையை எடுத்தவள் கையை நிறுத்தினாள். மறுபடி தேய்த்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்துத் திரும்பவும் தேய்த்தாள். முட்டையின் அகன்ற பக்கத்தில், சின்னதாக, வெள்ளைப் புள்ளி அப்படியே நின்றது.

பாலகோபால் அதை வாங்கிக் கிண்ணத்தில் உடைத்தார். மஞ்சள் கருவுக்குப் பக்கத்தில் கறுப்புச் சுருள் ஒன்று நெளிந்து இறங்கியது.

நந்திதா பின்வாங்கினாள். "கனகம் இன்னும் வரவே இல்லியே..."

"வரல. இந்த முட்டை இந்த ஊட்டுக்குள்ள நுழைஞ்சப்புறம் அவங்க இந்தப் பக்கமே வரல. நேத்து ராத்திரி இங்க இருந்தது ரெண்டே பேரு."

"சார்! நான் எதுக்குங்க..."

"அவ இல்லீங்க," என்றார் சென்னிமலை. மோர் டம்ளர்கள் தட்டில் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தானுங்க."

நந்திதா புரியாமல் அவரைப் பார்த்தாள். "என்னப்பா சொல்றீங்க?"

"பின்னாடி ஷெட்ல பழைய மோட்டார் கெடக்குது கண்ணு. அதுல இருந்துதான் கம்பி. முட்டையில அந்தப் பக்கம் காத்து இருக்குற எடம். சின்னதா ஓட்டை போட்டா உள்ள ஒண்ணும் ஆகாது. கம்பியை விட்டு, அடைச்சு, காயிலுக்குப் பூசற வார்னிசைத் தொட்டு வெச்சுப்போட்டா, பாக்கறதுக்குத் தெரியாது. முட்டை வாங்கிட்டு வந்தா ஒண்ணே ஒண்ணைச் செஞ்சு அந்த மூலையில வெச்சுக்குவேன். கனகம்மா கேக்கறப்ப அதை எடுத்துக் குடுப்பேன்."

"ஏம்ப்பா?" அவள் குரல் உயர்ந்தது. "கவின் அங்க போலீசுக்குக் கிளம்பிட்டு இருக்காரு! அந்தம்மாவையும் பையனையும் உள்ள தூக்கி வெச்சிருப்பாங்க! ஏன்?"

சென்னிமலை தட்டை மேஜையில் வைத்தார். உறை இல்லாத நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தவங்களும் வந்தாங்க கண்ணு. கிளிக்காரரு சீட்டைப் படிச்சாரு, போயிட்டாரு. சோழிக்காரரு அமோகமா இருப்பீங்கன்னு சொல்லிப்போட்டு பஸ்ஸைப் புடிச்சுட்டாரு. இந்தம்மா வந்தாங்க. முட்டையைச் சுத்திப்போட்டு, எந்தலையில கை வெச்சாங்க." அவர் நிறுத்தினார். சொல்லக் கூச்சப்பட்டார். "உங்கம்மா போனப்புறம் என்னைய யாரும் தொட்டதில்ல கண்ணு. முடி வெட்டறவன் தொடுவான், அவ்வளவுதான். அந்தம்மா 'சாப்டீங்ளா, தூக்கம் வருதுங்ளா, கனவு என்ன வருது'ன்னு கேட்டாங்க. நானும் சொன்னேன். கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அப்புறம் முட்டையை உடைச்சுப் பாத்துட்டு, 'உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, இனி நான் வரவேண்டியதில்லை'ன்னு எந்திரிச்சுட்டாங்க."

தோப்பில் எங்கோ மட்டை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமேப்பா," என்றாள் நந்திதா.

"கூப்பிடாம என்ன? உடம்பு எப்படியிருக்குன்னு கேப்பே, மாத்திரை போட்டாச்சான்னு கேப்பே. ரெண்டுக்கும் 'ம்'னு சொல்லிப்போட்டா போன் முடிஞ்சுது." அவர் அவசரமாகச் சொன்னார்: "உன்னையக் குத்தம் சொல்லல. உனக்கு வேலை இருக்குது. எனக்கு வேற என்ன பேசறதுன்னும் தெரியறதில்ல."

அவள் அழுவாள் என்று ரம்ஷா எதிர்பார்த்தாள். நந்திதா அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "கவின், கம்ப்ளைன்ட் வேண்டாம். இல்ல. யாரும் ஏமாத்தல... அதை அப்புறம் சொல்றேன். அந்த ஹோம்காரங்ககிட்டயும் வேண்டாம்னு சொல்லிருங்க. நான் இப்ப வரல," என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது.

அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கனகம் நின்றாள். டவுன் பஸ்ஸில் வந்து, ரோட்டிலிருந்து தோப்புக்குள் நடந்து வந்திருந்தாள். மேஜையில் மஞ்சள் முட்டை வரிசையையும், கிண்ணத்தில் கறுப்புச் சுருளையும் பார்த்தாள்.

"மறுபடியும் வந்துருச்சுங்களா?" என்றாள் பயத்தோடு.

பாலகோபால் சென்னிமலையைப் பார்த்தார். நான் சொல்லட்டுமா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. சென்னிமலை தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கனகத்துக்கு எதிரே போய் நின்றார். கடைசி வரைக்கும் அவரே சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

கனகம் கேட்டு முடித்தாள்.

"எத்தனை வெள்ளிக்கெழமை நான் பச்சைத் தண்ணி குடிக்காம வந்தனுங்க! ஊட்ல வெளக்கை அணைக்காம உக்காந்திருந்தனுங்க. உங்களைப் புடிச்சது எனக்கும் தொத்திக்கிச்சு, அதான் கை இப்படி ஆடுதுன்னு நெனச்சேன். எம்பையன் என்னையக் கட்டிக்கிட்டு அழுதானுங்க. உங்களுக்கு வெளையாட்டா இருந்துச்சுங்ளா?"

"வெளையாட்டில்லீங்க..."

"பேசாதீங்க," என்றாள். திரும்பி நடந்தாள். செருப்பை மாட்டக்கூட நிற்காமல், கையில் எடுத்துக்கொண்டு தோப்பு வழியில் போனாள்.

சென்னிமலை வாசற்படி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டார். நந்திதா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கை அவர் தோள் பக்கம் போனது. எப்படி வைப்பது என்று தெரியாததுபோல் கொஞ்சம் தயங்கி, பிறகு சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

*

பஸ் நிறுத்தத்தில் கனகம் தனியாக நின்றிருந்தாள். பாலகோபால் இறங்கிக் கதவைத் திறந்தார். "போத்தனூர் வழியாத்தான் போறோம், வாங்க."

அவள் மறுக்கவில்லை. பின் சீட்டில், பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரம்ஷா ஒரு ஜோக்கைத் தொடங்கி, பாலகோபால் பார்த்ததும் பாதியில் விட்டாள்.

போத்தனூரை நெருங்கும்போது ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். ரம்ஷா இன்ஜினை அணைத்தாள்.

"கை வெச்சதும் அவரு கண்ணை மூடிக்குவாருங்க," என்றாள் கனகம் திடீரென்று. "சாமியை நெனைக்கறாருன்னு நெனச்சுப்போட்டேன்."

முன் சீட்டில் இருவரும் திரும்பவில்லை.

"மொத நாள் அவருக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னேன் பாருங்க. அது தப்புக் குறிங்க. முட்டையைப் பாத்தேன், ஆளைப் பாக்கல." அவள் பையைத் துழாவி ஒரு சின்ன போனை எடுத்தாள். விரல் பட்டனில் நிற்கவில்லை. ரம்ஷாவிடம் நீட்டினாள். "அவரு நம்பரைப் போட்டுக் குடு கண்ணு."

ரம்ஷா போட்டுக் கொடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"நான் கனகம் பேசறனுங்க... ஆமா, கோவந்தான். கோவம் இருக்கத்தான் செய்யும். இனி முட்டையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் வரமாட்டேன், அதை இப்பவே சொல்லிப்போடறேன்... சரி, அழுவாதீங்க. அது கெடக்கட்டும், சாயங்காலம் என்ன சாப்டீங்க?"

ரயில் வந்து, நீளமாக, தடதடவென்று கடந்து போனது. அந்தச் சத்தத்திலும் கனகம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ம்... ம்... அப்புறமுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

கேட் திறந்தது. முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. ரம்ஷா சாவியில் கை வைத்து பாலகோபாலைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். ரம்ஷா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தாண்டிப் போ என்று சைகை காட்டினாள்.